செடி எண்ணெய்

ஒக். 19, ஞாயிறு. ஹொல்ஸ்டெப்ரோ, டென்மார்க்.
காற்று. மழை பக்கவாட்டில். தீபாவளிக்கு அம்மாவிடம் வந்திருக்கிறேன். ஹம்பர்க்கிலிருந்து மாமாவும், அம்மாவின் தம்பி. பயற்றம் பணியாரம் இருபது, பாதி உடைந்தது.

தயிர் எடுக்கப் போன மாமா குளிர்ப்பெட்டியிலிருந்து அம்மாவின் மருந்துப் போத்தலோடு வந்தார். மருந்துக்கடைச் சீட்டைக் கிழித்துவிட்டு "இரவு ஆறு துளி" என்று தமிழில் எழுதி ஒட்டுவது என் வேலை. இம்முறை மறந்துபோனேன்.

"அக்கா, இது கஞ்சா எண்ணெயெல்லோ! எங்கடை பக்கம் இப்ப சட்டப்படி பல்கனியிலை மூண்டு செடி வைக்கலாம். பெடியள் பின்னேரத்திலை பம்பலுக்குப் புகைபிடிக்கிறாங்கள். நீங்கள் என்னெண்டா டொக்டரிட்டை கேட்டுக் குடிக்கிறியள்!"

அவர் மட்டும் சிரித்தார்.

அம்மா என்னைப் பார்த்தார். "செடியிலை எடுக்கிற எண்ணெய் எண்டுதானே சொன்னனீ?"

ஒக். 20, திங்கள்.
தீபாவளி. அம்மா என்னோடு கதைக்கவில்லை. மாமா காலையிலேயே போய்விட்டார், பணியாரத்தோடு.

ஒன்பது வயதிலிருந்து டேனிஷ் பேசும் டொக்டர்மாரிடம் அம்மாவின் வாய் நான். மாற்றிச் சொன்னவை:
– "நோய் கூடிக்கொண்டே போகும்": கொஞ்சம் கவனமா இருக்கட்டாம்.
– "சக்கர நாற்காலிக்கு எழுதுவோமா": பிறகு பாப்பமாம்.
– "மருத்துவக் கஞ்சா": செடி எண்ணெய்.
மூன்றாவது பொய் இரண்டு வருடம் வேலை செய்தது. கால் நரம்பின் இறுக்கம் விட்டது. தானே சேலை கட்டினார்.

ஒக். 22, புதன்.
கந்தசஷ்டி தொடக்கம். மீன், மச்சம் சமைத்த சட்டி எல்லாம் கராஜுக்கு. போத்தலும் அவற்றோடு.

"அம்மா, அது மருந்து."

"டொக்டர் தந்தா மருந்து, அங்கை பெடியள் பிடிச்சா வெறி. ரெண்டும் ஒரே செடி. வெறிச் சாமானைக் குடிச்சுப்போட்டு முருகனுக்கு விரதமோ?"

தடை முழுதாக இருந்த மட்டும் டொக்டரின் கையெழுத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. எல்லைக்கு அப்பால், ஜெர்மனியில், கதவைத் திறந்தார்கள். இங்கே என் அம்மாவின் மருந்து சாராயத்தின் பக்கத்தில் போய் நிற்கிறது. அந்தச் சட்டம் வந்த அன்று விடுதலை என்று நண்பர்களோடு கைதட்டியவள் நான்தான்.

ஒக். 24, வெள்ளி.
பனிப்புகார். கால் இறுகி, குளியலறை வாசலில் அம்மா நின்றபடியே. தூக்க விடவில்லை. "தொடாதை."

மாமா போன் எடுத்தார். "போத்தல் பிடிக்காட்டி விடு பிள்ளை. என்ரை செடியிலை கொண்டு வாறன்."

"எல்லையிலை பிடிபட்டால்? எவ்வளவு குடுக்கிறதெண்டு ஆருக்குத் தெரியும்?"

"நீ படிச்சுக் கெட்டுப்போனாய்."

ஒக். 27, திங்கள்.
சூரன்போர். பாடசாலை மண்டபம், கற்பூரம் கொளுத்தத் தடை, மின்விளக்குச் சுடர். சூரனின் தலை விழும்போது அம்மாவால் எழ முடியவில்லை. பின்வரிசைக் கதிரை. "விரதக் களைப்பு" என்றார் கேட்டவர்களிடம். அவரும் மாற்றிச் சொல்லப் பழகிவிட்டார்.

ஒக். 28, செவ்வாய்.
பாறணை முடிந்தது. போத்தலைத் துடைத்து, கிழிக்காத சீட்டோடு மேசையில் வைத்தேன்.

"விரதம் முடிஞ்சாப்போலை அது மருந்தாகீடுமோ?"

வாழைப்பழத் தோலோடு குப்பைக்குள்.

ஒக். 29, புதன்.
வெயில், அநியாயமாக. நரம்பு டொக்டர், பத்தரைக்கு. வழக்கம்போல் நானும் எழும்பினேன்.

"நீ இரு. நான் தனியப் போறன்."

மீன் தொழிற்சாலையில் பொறுக்கிய டேனிஷ் மட்டும் அம்மாவிடம். கதவுக்கு வெளியே இருபது நிமிடம் நான். உள்ளே அவர் குரல், உடைந்த டேனிஷில், நிற்காமல். ஒருமுறை டொக்டர் சிரித்தது கேட்டது. என்னோடு போனபோது டொக்டர் சிரித்ததே இல்லை.

மருந்துக்கடைக்கும் தானே போனார், சுவரைப் பிடித்துப் பிடித்து. பை கையில்.

"என்ன மருந்து தந்தவர், அம்மா?"

"ஏதோ செடியிலை எடுக்கிறதாம்."

பைக்குள் பார்த்தேன். பழைய மாத்திரை. எண்ணெய்க்கு முன், தலைசுற்றி அவரை இரண்டு முறை மாடிப்படியில் விழுத்திய அதே மாத்திரை.