தலையணை உயரத்துக்கு

இன்று காலை எதிர் ஃபிளாட்டில் தச்சுவேலை தொடங்கியிருக்கிறது. அறுபட்ட தேக்கின் வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துவிட்டது. ஜன்னல்களைச் சாத்தியும் போகவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஸ்பீக்கர்கள் வந்த அன்று நான் அவற்றை ஷோகேஸின்மேல் வைத்தேன். "அங்க வச்சா பாட்டு வராது, பலகைதாம் அதிரும்" என்று இறக்கிவிட்டீர்கள். தம்பானூர் கடையில் பார்த்த இரும்பு ஸ்டாண்டுகள் ஒன்றும் பிடிக்கவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டுத் தேக்கில் செய்யச் சொன்னீர்கள். நாற்காலியில் என்னை உட்காரவைத்து, தரையிலிருந்து என் காதுவரை நூல் பிடித்து அளந்தீர்கள். உங்கள் காதுக்கு அல்ல. சுவரைவிட்டுத் தள்ளி வைத்ததும் பெருக்க இடைஞ்சல் என்று முணுமுணுத்தேன். நீங்கள் பாட்டைப் போட்டு, "பாடுகவ எங்க நிக்கா, சொல்லு பாப்போம்" என்றீர்கள். இரண்டுக்கும் நடுவில், வெறும் சுவர் இருந்த இடத்தில், நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி நாம் சேர்ந்து சிரித்ததில்லை.

பக்கவாதத்தில் உங்கள் இடப்பக்கம் விழுந்தது. ஸ்பீக்கர்களைக் கட்டிலின் இரு பக்கமும் கொண்டுவந்து வைத்தேன். "சத்தம் தலைக்கு மேல போவுது" என்றீர்கள். ஸ்டாண்டுகளின் உயரத்தைக் குறைக்க அதே ஆசாரியை வரவழைத்தேன். அவர் ஸ்டாண்டைத் தடவிக்கொண்டே நின்றார்.

"நல்ல தேக்காணு சேச்சி. முறிச்சா பின்ன ஒட்டாது, கேட்டோ."

"முறிங்க" என்றேன்.

தலையணை உயரத்துக்கு வந்தது. நீங்கள் விரும்பும் பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டீர்கள். பிறகு, "ஒண்ணுதாம் பாடுது. மத்தத அணைச்சிட்டியா?" என்றீர்கள்.

இரண்டும் பாடிக்கொண்டிருந்தன.

"ஆமா, அணைச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனேன். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே உங்கள் மூளை மறந்துவிட்டது என மருத்துவர் எல்லாம் முடிந்த பிறகுதான் விளக்கினார்.

மழைக்காலம் முடியும்முன் போய்விட்டீர்கள். போகப்போக ஆறும் என்கிறார்கள். ஆறவில்லை. அந்தக் கடைசி இரவும் பகலும் நான் கட்டிலைவிட்டு எழவே இல்லை. செயலிழந்த கைதானே என்று, உங்கள் இடக்கையைத்தான் மடியில் வைத்துப் பிடித்திருந்தேன். அருகில் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டா போனீர்கள்?