ஸ்பெயின் கடலில் ஒரு சின்ன வாளி

அதுதான் சொல்கிறேன் அக்கா, போத்தலைக் கையில் எடுத்த பிறகு திருப்பி வைக்க எனக்கு மனம் வரவில்லை. மொன்றியலில், சென்ட் லோரன்டில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு லெபனான்காரரின் கடை இருக்கிறது. வெண்டிக்காய் வாங்கத்தான் போனேன். ஒலிவ் காய்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில், காம்போடு பச்சைப் பச்சையாக, அந்தக் காய்கள் வினாகிரித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. கண்டவுடன் சிரிப்பு வந்தது. பிறகு கண்ணீரும் வந்துவிட்டது. கடைக்காரப் பெண் பயந்துபோய், "சா வா, மதாம்?" என்று சுகம் கேட்டாள். "ஓம் பிள்ளை, ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தேன்.

நாளை மறுநாள் ஆடி அமாவாசை. நீங்கள் கண்ணை மூடிய பிறகு வருகிற முதல் ஆடி அமாவாசை.

நாங்கள் எல்லாரும் விடுமுறைக்குப் போன அந்த ஸ்பெயின் ஊரின் பெயர் இன்றைக்கும் என் வாயில் நுழையாது. உங்கள் மகள்தான் எல்லாம் ஒழுங்கு செய்தாள். "அம்மாவும் சித்தியும் கலியாண வீட்டிலையும் செத்த வீட்டிலையும்தான் சந்திக்கிறியள். ஒருக்காச் சும்மா சந்தியுங்கோ" என்றாள். நீங்கள் மகளோடும் பேத்தியோடும் ஜெர்மனியில் இருந்து வந்தீர்கள், நானும் இவரும் மொன்றியலில் இருந்து வந்தோம். கடலை மறைத்துக்கொண்டு நின்ற ஹோட்டல்களும், வரிசை வரிசையாகப் போட்டிருந்த சாய்கட்டில்களும், காற்றெல்லாம் வெயில் கிறீம் மணமும் கண்ணுக்குள் நிற்கின்றன. சனம் உடுத்திருந்ததைப் பார்த்து நான் "முருகா" என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். நீங்கள் தாழ்த்தவில்லை. "பாவங்கள், வருஷம் முழுக்கக் குளிருக்கை கிடந்த சனம். காயட்டும்" என்றீர்கள். விடியவே எழும்பி வந்து, கட்டிலில் துவாயைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்ப் படுக்கிறவர்களைப் பார்த்துத்தான் உங்களுக்கு ஆச்சரியம். "தேர் பார்க்க இடம் பிடிக்கிற மாதிரியெல்லோ பிடிக்குதுகள்!"

இரண்டாம் நாள் பின்னேரம், ஹோட்டல் சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவில் நின்று சத்தம் போட்டீர்கள். "இஞ்ச ஓடி வாடி! காத்தோட்டிக்காய்!"

ஆடி அமாவாசைச் சமையலில் காத்தோட்டிக்காய் இல்லாவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அது சமையலே இல்லை. அந்தக் கசப்புக் காய், ஒலிவ் காய்க்கும் தக்காளிக்கும் பக்கத்தில், ஒரு பீங்கான் நிறையக் கிடந்தது. நானும் நம்பிவிட்டேன். உருவம் அப்படியே இருந்ததே! நீங்கள் கடதாசித் துண்டில் ஒரு பிடி சுற்றிக்கொண்டு, "நாளைக்கு அமாவாசை" என்று மெல்லச் சொன்னீர்கள்.

மகள் தலையில் கைவைத்தாள். "அம்மா, புக் பண்ணேக்கை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீ திகதியை மாத்தியிருப்பாய். அதுதான் சொல்லேல்லை."

செத்துப்போன அப்பாவுக்கு விரதம் பிடிக்க ஆண்பிள்ளை இல்லை. நாங்கள் இரண்டு பேரும்தான். புருஷன் இருக்கிற பெண் அமாவாசை விரதம் பிடிக்கக் கூடாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதனால் அத்தான் இருந்த காலத்தில் நீங்களும் பிடிக்கவில்லை. அத்தான் போன பிறகுதான் தொடங்கினீர்கள். "இவ்வளவு வருஷமும் அந்த மனிசன் பசியோட இருந்திருக்கும்" என்று அப்பாவை நினைத்து ரெலிபோனில் அழுதீர்கள். ஜெர்மனியில் உங்கள் ஊருக்குக் கடல் இல்லை. குளியல் தொட்டியில் ஒரு பிடி உப்பைப் போட்டு, கடல் என்று நினைத்து முழுகுவீர்கள். நாட்டைவிட்டு வந்த பிறகு அப்பாவுக்காக முதல்முறையாக உண்மையான கடலில் முழுகப் போகிற நாள் அது. மகளிடம் வாய் திறக்காமல் நீங்கள் காவல் காத்த நாள்.

விடியப் போனால், கடற்கரையில் சிவப்புக் கொடி ஏற்றியிருந்தார்கள். அலை பெரிது, ஒருவரும் இறங்கக் கூடாது. நீங்கள் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கப் போக, காவலுக்கு நின்ற பெண் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் ஸ்பானிஷில் கத்தினாள். நீங்கள் தமிழில் விளங்கப்படுத்தினீர்கள். "எங்கட அப்பா, பிள்ளை" என்று வானத்தைக் காட்டினீர்கள். அவளும் கையை உயர்த்திக் கொடியைக் காட்டினாள்.

மகள் ஜூஸ் போத்தலோடு பின்னால் நின்றாள். "அம்மா, சீனி இறங்கினா டொக்டரிட்டை நான் என்ன பாஷையிலை சொல்லுறது? ஒரு வாய் குடியுங்கோ."

"முழுகாமல் பச்சைத் தண்ணியும் வாயிலை வைக்கமாட்டன்."

நீங்கள் நிற்க முடியாமல் மகளின் தோளைப் பிடித்ததை நான் கண்டேன். நல்லூரானே என்று கும்பிட்டேன். அப்போதுதான், பேத்தி முதல் நாள் மணலில் விட்டுவிட்டுப் போன மஞ்சள் வாளி உங்கள் கண்ணில் பட்டது. "எடு அதை. கடல் என்னட்டை வரட்டும்."

நான் அலை தொடுகிற இடத்தில் குனிந்து அள்ளினேன். என்னைக் கடல் கொண்டுபோகாமல் அந்தக் காவல் பெண்ணே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீங்கள் கிழக்கே பார்த்து மணலில் குந்தியிருந்து, அப்பாவின் பெயரைச் சொல்லித் தலையில் ஊற்றினீர்கள். வாளி சின்னன், திரும்பத் திரும்ப அள்ளினேன். முடிந்ததும் திருநீறு பூசி, அவளுடைய நெற்றியிலும் ஒரு குறி வைத்தீர்கள். அவள் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

சமையல்தான் சிரிப்பு. அறையோடு இருந்த சின்ன அடுப்பில், நீங்கள் கொண்டுவந்த தேங்காய்ப்பால் ரின்னை உடைத்து ஊற்ற, காயில் இருந்த வினாகிரி பட்டுப் பால் திரைந்துவிட்டது. மகள் எட்டிப் பார்த்து, "ஐயோ அம்மா, இது சலாட்டுக்குப் போடுற ஊறுகாய்!" என்றாள். நீங்கள் அசையவில்லை. பல்கனியில் சோறு வைத்தோம். அங்கே காகம் எங்கே? கோழியளவில் ஒரு வெள்ளைக் கடற்பறவை வந்து, எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு எங்களை முறைத்தது. "அப்பாவும் வெளிநாட்டுக்கு வந்து கொழுத்திட்டார்" என்றீர்கள்.

இவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "மச்சாள், இது விரதமோ, தண்டனையோ?" என்று கேட்டார்.

"கசக்க வேண்டியது புளிக்குது. அவ்வளவுதானே. சாப்பிடும்."

மாசி மாதப் பனிக்குள் நீங்கள் போய்விட்டீர்கள். எதற்கும் உங்களிடம் கேட்டுப் பழகிய எனக்கு, இப்போது கேட்க ஆள் இல்லை. அப்பாவுக்கு இனி யார்? நான் பிடிக்கட்டுமா என்று இவரைக் கேட்டேன்.

"நான் உயிரோட இருக்கேக்கை நீ அமாவாசை பிடிக்கப் போறியோ? என்னை அனுப்ப அவ்வளவு அவசரமோ?" என்று சிரித்தார். சிரித்தவரின் கை மெல்ல நெஞ்சுக்குப் போனது. போன வருடம் ஸ்டென்ட் வைத்த நெஞ்சு அக்கா. பிடித்தால் இவருக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயம். விட்டால் அப்பா பசியோடு நிற்பாரே என்று பயம். சாமிப்படத்துக்கு முன்னால் எத்தனை நேரம் நின்றும் ஒரு முடிவும் வரவில்லை.

அந்த மஞ்சள் வாளி என்னிடம்தான் இருக்கிறது. வெளிக்கிடும்போது பெட்டியில் நீங்கள் திணித்துவிட்டது. பல்கனியில் உடுப்புக் கிளிப்புகள் போட்டு வைத்திருந்தேன். இன்று காலை கிளிப்புகளைக் கொட்டிவிட்டுக் கழுவிக் கவிழ்த்தேன். ஏன் கழுவினேன் என்று எனக்கே தெரியாது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூப் பக்கம் ஆற்றில் இறங்கப் படிகள் இருக்கின்றன. இவரைக் கேட்டால் காரில் கொண்டுபோய் விடுவார்.

ஸ்பெயினில் அன்று சாப்பாட்டு மேசையில் உங்கள் மகள் எடுத்த படத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். படத்தில் உங்கள் தலை ஈரம். என் தலையும் ஈரம். நான் கடலில் இறங்கவே இல்லையே? திரும்பி வரும்போது பிளேன் முழுக்கத் தும்மிக்கொண்டு வந்தேன். ஏசிக் காற்றுத்தான் தடிமனாக்கியது என்று இவர் இன்றைக்கும் சொல்லுவார்.

ஏசி இல்லை அக்கா. இப்போதுதான் ஞாபகம் வருகிறது. கடைசி வாளியில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. "குனி" என்றீர்கள். காதில் ஏதோ சொல்லப் போகிறீர்கள் என்று குனிந்தேன். "ஐயோ, இந்தத் தலைமயிர் காய ஒரு நாள் செல்லும்!" என்று நான் கத்தக் கத்த, "அப்பா எனக்கு மட்டுமோ?" என்று கேட்டுக்கொண்டு, முழுவதையும் என் தலையில் ஊற்றினீர்கள்.