திராட்சைக் கணக்கும் என் மூக்கும்

இன்று காலை வாஷ்பேசின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். யாரோ தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்ற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. கையில் மூக்குக்கு அடிக்கிற ஸ்பிரே. அதன் முனையை மூக்கருகே கொண்டுபோனேன். அதே பூ! ரோஜாவும் பன்னீரும் கலந்த மாதிரி, லேசாக. இரண்டாவது ஆபரேஷன் முடிந்ததிலிருந்து காலையும் மாலையும் அடித்துக்கொண்டிருக்கிற இந்த மருந்துக்கு ஒரு மணம் உண்டு என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

உடனே என்ன செய்தேன் தெரியுமா? "ஏங்க, இங்கன வாங்க, இது மணக்குதா பாருங்க" என்று கூப்பிட்டுவிட்டேன். நீங்கள் போன பிறகு இரண்டு கல்லறைத் திருநாள் வந்து போய்விட்டது. வாய்க்கு அது தெரியவில்லை.

அதன் தப்பு இல்லை. எத்தனை வருஷமாக என் மூக்கு நீங்கள்தானே? பால் திரிந்துவிட்டதா, கேஸ் கசிகிறதா, வெஞ்சனம் அடிப்பிடிக்கிறதா, எல்லாவற்றையும் உங்களிடம்தான் கேட்பேன். தோட்டத்தில் இருந்தால்கூட போன் போட்டுக் கேட்டிருக்கிறேன். "ஒம் மூக்குக்குப் பதிலா நான் இருக்கேன்ல டீச்சரு" என்று சிரிப்பீர்கள். இப்போது மணம் வந்திருக்கிறது. நிஜமாக வந்ததா, என் ஆசைதான் மணக்கிறதா என்று சொல்ல ஆள் இல்லை.

அப்போதிருந்து ஒரு இடத்தில் உட்காரவில்லை. காபித்தூள் டப்பாவைத் திறந்தேன், ஒன்றும் இல்லை. பெருங்காயம், அதுவும் இல்லை. கறிவேப்பிலையைக் கசக்கினேன். ஏதோ வந்தது, வரவில்லை. மறுபடி ஸ்பிரேயை எடுத்தேன், பூ இருந்தது. பீரோவைத் திறந்தேன், மூடினேன். திறந்தேன். அடித்தட்டில் அந்தக் கவர் இருக்கிறது. மூடிவிட்டேன்.

கவர் என்னவென்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. திராட்சைப் பந்தலுக்கு மருந்தடித்துவிட்டு நீங்கள் கொடிக்கடியிலேயே சாய்ந்த அன்றைக்குக் கழுத்தில் கிடந்த துண்டு அது. உங்கள் தங்கச்சி வாளியில் முக்கப் போனாள். ஓடிப்போய்ப் பிடுங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக முடிச்சுப் போட்டு வைத்தேன். வாசனை தெரியாதவளுக்கு அது எதற்கு என்று எல்லாரும் பார்த்தார்கள். வீட்டில் பெட்டி இருந்த அன்று முழுக்க சாம்பிராணி புகைந்தது, பன்னீர் தெளித்தார்கள், மாலை மேல் மாலை விழுந்தது. எனக்கு ஒன்றுமே மணக்கவில்லை. அந்தப் பாவி மூக்கோடுதான் உங்களைக் கல்லறைக்கு அனுப்பினேன். என்றைக்காவது மூக்கு திறந்தால் உங்களிடம் ஒரு தடவையாவது வர வேண்டும் என்றுதான் அந்த முடிச்சு.

இப்போது அவிழ்ப்பதா, பொறுப்பதா? அரைகுறை மூக்கோடு அவிழ்த்தால், இருக்கிற வாசமும் காற்றோடு போய்விடும், எனக்கும் கிடைக்காது. முழுசாகத் திறக்கட்டும் என்று காத்திருந்தால் துண்டிலிருப்பது அதற்குள் செத்துப்போகும். சளி பிடித்தால் வந்த மணமும் போகலாம் என்று டாக்டர் வேறு சொல்லியிருக்கிறார். இந்த அல்லாட்டத்துக்கெல்லாம் காரணம் யார்? நீங்கள்தான். உங்கள் திராட்சைக் கணக்குதான்.

தேனியில் முதல் ஆபரேஷன் முடிந்து சில வாரத்தில் மூக்கு திறந்ததே, நினைவிருக்கிறதா? கந்தக மருந்து அடித்துவிட்டு அப்படியே அடுப்படிக்குள் வந்தீர்கள். "போயி குளிச்சிட்டு வாங்க! மருந்து நாத்தம் கொடலப் பொரட்டுது" என்று கத்தினேன். நீங்கள் குளிக்கப் போகவில்லை. தெருவில் இறங்கி, போகிற வருகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்டாட்டி என்னைய நாறுதுன்னு சொல்லிட்டா!" என்று சொல்லிக்கொண்டு நின்றீர்கள். அனுமந்தன்பட்டியில் இப்படி ஒரு சந்தோஷத்தை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் உங்கள் தங்கச்சி வந்தாள். "ஸ்டீராய்டா? மூஞ்சி பூசணிக்காயா வீங்கிப் போகும் மதினி" என்று பயங்காட்டினாள். நீங்கள் யோசித்தீர்கள். அப்புறம் தீர்ப்புச் சொன்னீர்கள்: "காய் நெறம் மாறிட்டா மருந்த நிறுத்திரணும். அதுக்கு மேல அடிச்சா பழத்துல ஏறிரும். ஒனக்குத்தான் வாசம் வந்துருச்சே, இனி எதுக்கு?" சொன்னதோடு விடவில்லை. தேனியில் கொடுத்த என் ஸ்பிரேயை, அது மணமில்லாத வேறு மருந்து, கொண்டுபோய் மோட்டார் ரூமில் பந்தலுக்கு அடிக்கிற மயில்துத்தப் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள். பந்தலில் உங்கள் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை. அதனால் இதுவும் பிசகாது என்று இருவருமே இருந்துவிட்டோம்.

பிசகியது. மூக்குக்குள் சதை மறுபடி வளர்ந்தது. காபி போனது, மல்லிகை போனது, கடைசியில் நீங்களும் மணக்காமல் போனீர்கள். ஒருநாள் மருந்தடித்த சட்டையோடு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் சோற்றைப் போட்டேன். "குளிக்கச் சொல்லமாட்டியா டீச்சரு?" என்று கேட்டீர்கள். வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. "இந்த வெள்ளாமை முடியட்டும், மதுரைக்கே போயிருவோம்" என்றீர்கள். வெள்ளாமை முடிவதற்குள் நீங்கள் முடிந்துபோனீர்கள்.

மதுரைக்கு மகள்தான் கூட்டிப்போனாள். இரண்டாவது ஆபரேஷன் அங்கேதான். டாக்டரம்மாவிடம் உங்கள் கணக்கைச் சொன்னேன். முதலில் சிரித்தார். "கொடியில பழத்தப் பறிச்சிருவீங்க, அதோட அந்தப் போகம் முடிஞ்சுது. மூக்கப் பறிக்க முடியுமாம்மா? வீக்கம் திரும்பத் திரும்ப வர்ற எடம் அது. ஆபரேஷன் வழியத் திறந்து விடும், அவ்வளவுதான். நல்லா இருக்கேன்னு மருந்த நிறுத்துறீங்க, ஆனா நல்லா இருக்கறதே அந்த மருந்தாலதான்" என்றார். முகம் வீங்குமா என்று கேட்டேன். மாத்திரை மாதிரி உடம்பெல்லாம் பரவுகிற அளவு இல்லை, பெரும்பாலும் மூக்கிலேயே நின்று வேலை பார்க்கும் என்றார். அன்றைக்கு உங்கள் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பஸ்ஸில் உசிலம்பட்டி தாண்டும்வரை அழுதேன்.

இன்று மத்தியானம் உங்கள் தங்கச்சி ஒரு பை நிறையப் பழத்தோடு வந்தாள். நான் வாசலுக்கும் பீரோவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"ஏன் மதினி, குட்டி போட்ட பூனையாட்டம் அலையுறீக?"

சொன்னேன். பூ மணத்தையும் சொன்னேன், கவரையும் சொன்னேன்.

"அவுத்துப் பாருங்க. பூட்டிப் பூட்டி வச்சு என்ன செய்யப் போறீக? நாளைக்குச் சளி புடிச்சா?"

"ஒண்ணும் வரலைன்னா?"

"வரலைன்னா நான் மோந்து சொல்றேன்."

அப்படியே உங்கள் குரல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். முகத்தை உள்ளே புதைத்து மூச்சிழுத்தேன். ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் வாடைகூட இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே இன்னொரு தடவை இழுத்தேன். அப்போது வந்தது. தீக்குச்சி கிழித்த மாதிரி கந்தகம், நெடியாக, அதற்கு அடியில் உப்பு வேர்வை. நீங்களேதான். மருந்தடித்துவிட்டு அடுப்படிக்குள் வந்து நிற்கிற நீங்கள்.

"போயி குளிச்சிட்டு வாங்க" என்றேன். சத்தமாகவே சொன்னேன். "மருந்து நாத்தம் கொடலப் பொரட்டுது."

உங்கள் தங்கச்சி "அண்ணே" என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. மூன்றாம் தடவை இழுத்தேன், மூக்கு கைவிட்டுவிட்டது. இருக்கிறதைப் பத்திரப்படுத்த வேண்டுமென்று அவசர அவசரமாகக் கவரைக் கட்டினேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அதான் வாசம் வந்துருச்சே மதினி, இனி அந்த மருந்து எதுக்கு?" உங்கள் வம்சத்துக்கே இந்தக் கணக்கு ரத்தத்தில் ஊறியிருக்கிறது போல. சிரித்துவிட்டேன்.

பொழுது சாய்ந்ததும் ஆறவைத்த வெந்நீரில் உப்புப் பொடியைக் கரைத்து, தலையைச் சாய்த்து மூக்கைக் கழுவினேன். பிறகு ஸ்பிரே அடித்தேன். பூ மணம் இப்போது இல்லை. நாளைக்கு வரலாம், வராமலும் போகலாம். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பேச்சைத் தட்டியதில்லை என்று ஊரில் பெயர் எடுத்தவள் நான். இந்த ஒன்றில் மட்டும் தட்டப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மருந்தை நிறுத்தமாட்டேன். துண்டில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. உங்களை இன்னொரு தடவை குளிக்கச் சொல்ல வேண்டும்.