அர்ஷாக்கின் நெல் எடை

கிளிநொச்சி.

அன்புள்ள ஸுஹறா, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். நான் சொல்லச் சொல்ல எழுதுவது நம் நெல் ஆலையின் கம்பியூட்டர் பிள்ளை றிம்ஸியா.

இங்கே சின்னக் கதையொன்று நடந்தது, பயப்படாதே. புதுக் கம்பியூட்டர் அச்சடித்த துண்டில், உன் தங்கை மகன் அர்ஷாக் இந்தப் போகம் ஏற்றிவந்த நெல்லின் மொத்த எடை மிகவும் குறைந்திருந்தது. அவன் கொண்டுவந்த ஒவ்வொரு லொறிச் சுமையும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் எழுத்தறியாத நான் அச்செழுத்தை நம்பி, எல்லாருக்கும் முன்னால், "வழியில வித்துப்போட்டியோடா?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்களுமா, பெரியவாப்பா?" என்றான். அன்றே நம்மூர்ப் புத்தளத்துக்குப் பஸ் ஏறிவிட்டான்.

பிறகுதான் றிம்ஸியா பார்த்தாள். கம்பியூட்டருக்குள்ளே எண் முழுதாகவே இருந்ததாம். அச்சடிக்கும் கட்டளை பழைய மெஷினுக்கென்று இவள் எழுதியது. புதியதில் பெரிய எண்ணின் பாதியை மட்டும் எடுத்து அடித்திருக்கிறது. இனி எந்த மெஷினிலும் எண் எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற அகலத்தைச் சொல்லியே அச்சடிக்குமாம்.

"என்ட பிழையெண்டு எழுதட்டோ?" என்கிறாள். வேண்டாம் என்றேன். மெஷின் அவனைக் கள்ளன் என்று சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

என் ஃபோனை அவன் எடுக்கிறான் இல்லை. நீ போய், நான் வெட்கிப்போய் இருக்கிறேன் என்று சொல்லு. சோற்றுக்கென்று நீ வழமையாய் அனுப்பும் மாசிச் சம்பலை இந்த முறை பஸ்ஸில் போடாதே. அவன் திரும்பி வரும்போது அவன் கையில் கொடுத்துவிடு. அதுவரை வெறும் சோறு போதும்.

பிள்ளைக்கு வேலை கிடக்கிறது, நிறுத்துகிறேன்.

ஹலீம்