மெசேஜ் போகக் கூடாது

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அதே வழக்கு: எங்கிருந்து தொடங்குவது? டயாலிசிஸ் மையத்துக்கு நாங்கள் செய்துகொடுத்த நினைவூட்டல் மென்பொருளை இனிப் புதிய முறையில் வளர்க்க வேண்டுமாம். நிரல் எழுதும் முன்பே, ‘இன்ன நிலையில், இன்னது நடந்தால், இன்னது ஆக வேண்டும்’ என்று நர்ஸுக்கும் புரிகிற வாக்கியமாக எழுத வேண்டும். பிறகு அந்த வாக்கியமே சோதனையாக ஓடும். நல்ல முறைதான். மேனேஜர் லாகினில் தொடங்கச் சொல்கிறார். அவருக்கு உலகமே லாகினில்தான் தொடங்குகிறது.

மதியம் நர்ஸிடம் எங்கள் முதல் வாக்கியத்தைக் காட்டினேன். ‘பட்டனை அழுத்தினால் பெட்டி பச்சையாக வேண்டும்.’ “பச்சையானா யாருக்கும்மா என்ன?” என்றார். என் முகம் தொங்கிப்போனது.

மார்ச் 6

அண்ணனுக்கும் அதே மையம்தான். செவ்வாய், வியாழன், சனி. ‘வணக்கம்’ என்று பெயர் சொல்லி, ‘இன்று உங்கள் முறை, காத்திருக்கிறோம்’ என்று காலையில் போகிற மெசேஜ் நான் எழுதியது.

“உன் மெசேஜ் பொண்டாட்டிய விட மோசம்டி வாலு. ஒரு நாள் விடாது.”

“அப்ப அதையே கட்டிக்கோங்க” என்றாள் அண்ணி. சிரித்தோம். அவன் கால் மட்டும் வீங்கியிருந்தது.

மார்ச் 11

அண்ணன் போய்விட்டான்.

மார்ச் 13

காலையில் அவன் போன் ஒலித்தது. ‘இன்று உங்கள் முறை, காத்திருக்கிறோம்.’ அய்யோ, நான் எழுதியது! அவன் இறந்ததை நர்ஸ் அன்றே பதிந்துவிட்டார். மெசேஜ் அனுப்பும் பகுதி அதைப் பார்ப்பதே இல்லை. பார்க்கச் சொல்லி யார் எழுதினோம்? ஆள் செத்துட்டா என்ன ஆகணும்னு ஒருத்தரும் கேக்கலையே — நானும்தான்.

அண்ணி போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மார்ச் 19

வேலைக்குப் போனேன். நேற்றும் மெசேஜ் வந்திருக்கிறது. “உங்க அண்ணன் நம்பரை மட்டும் இப்பவே எடுத்துடலாம்மா” என்றார் மேனேஜர், பாவம், நல்ல மனதோடு.

“அப்ப அடுத்த வீட்ல? இங்கேர்ந்துதான் சார் ஆரம்பிக்கணும்.”

நர்ஸைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதினோம்:

நோயாளி இறந்துவிட்டதாகப் பதிவாகியிருக்கும்போது, அவருடைய முறை நாள் வந்தால், அவர் எண்ணுக்கு மெசேஜ் போகக் கூடாது.

அந்த வாக்கியத்தைச் சோதனையாக ஓட்டினேன். சிவப்பு. இந்த முறையே அப்படித்தான், முதலில் தோற்க வேண்டும். தெரிந்தும் அழுதுவிட்டேன். நர்ஸும் அழுதார். லாகின் கிடக்கட்டும்.

மார்ச் 21

நிரலைத் திருத்தி மறுபடி ஓட்டினேன், பச்சை. மாலையே மையத்தின் மென்பொருளில் போட்டாயிற்று. “இனிமே எந்த வீட்லயும் இது நடக்காதும்மா” என்று நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணனுக்கு ஏதோ செய்துவிட்டதாக ஒரு நிம்மதி.

மார்ச் 22, சனி

காலையில் அண்ணி போனில் கூப்பிட்டாள்.

“ஏம்மா, இன்னிக்கு மெசேஜ் வரலையே? அவர் போனுக்குச் சார்ஜ் எல்லாம் போட்டுத்தான் வச்சிருக்கேன்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“அவர் பேரைச் சொல்லி இன்னும் கூப்பிட்டுட்டு இருந்தது அது ஒண்ணுதான்.”

போன் நன்றாகத்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவள் வைத்துவிட்டாள்.

நர்ஸைக் கேட்டேன். மேனேஜரிடம் சண்டை போட்டேன். அண்ணியைக் கேட்கவே இல்லை.