கலைக்காத அம்பு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்க என்ன புதிதாகக் கடிதம் என்று கேட்பாய். போனில் நாம் பேசுவது நாலு நிமிஷம், நானே கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன், சாப்பிட்டியா, அங்க மழையா, சரிம்மா வச்சிடவா, முடிந்தது. இது நாலு நிமிஷத்தில் சொல்கிற விஷயம் இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் படி ஏறாதீர்கள் என்று சொன்னாலும் சொன்னார், மனுஷர் அதையே சாக்காக வைத்துக்கொண்டு மாடியில் காயும் துணியை எடுத்து வரச் சொன்னால் காலைத் தடவிக் காட்டுகிறார். எங்கள் டிப்போவில் புதுக் கடிகாரம் மாட்டியிருக்கிறார்கள், அது இரண்டு நிமிஷம் பின்னால் ஓடுகிறது, லேட்டாக வரும் டிரைவர்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம், நான் மட்டும் என் கடிகாரத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதால் எனக்கு ராட்சசி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தக் கடிதத்தையும் சாப்பாட்டு நேரத்தில் நேரக்காப்பாளர் அறையில் உட்கார்ந்து பழைய டூட்டித் தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன், ஜன்னலுக்கு வெளியே பஸ் கழுவுகிறார்கள், தாளில் தண்ணீர் தெறித்திருந்தால் அழுதிருக்கிறேன் என்று நினைக்காதே. அழுததெல்லாம் வீட்டில்.

நம் சாரணர் படையில் ஒரு பிள்ளை விழுந்து அடிபட்டதை அப்பா உனக்குப் போனில் அரைகுறையாகச் சொல்லியிருப்பார். முழுதாக நான் சொல்கிறேன். நீ ஊரை விட்டுப் போன பிறகு சேர்ந்தவள் ஒருத்தி, பதினைந்து வயது, எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவோம், மரங்கொத்தி அணிக்கு அவள்தான் தலைவி. படைக்குக் கேப்டனாக எனக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்த அணித் தலைவர்களில் உன்னைத் தவிர்த்தால் அவளுக்கு ஈடு யாரும் இல்லை. அவள் அணியில் கடைக்குட்டி ஒன்று, பதினொரு வயது, பட்டாணி என்று பெயர் வைத்திருந்தோம், ஓரிடத்தில் நிற்காது, உருண்டுகொண்டே இருக்கும். மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் பழைய கல்குவாரிக்குப் பின்னால் இருக்கும் காட்டில் தடம் தேடும் பயிற்சி வைத்தேன். உனக்குத் தெரியாததா, ஒரு அணி முன்னால் போய்க் கல்லால் அம்புக்குறி வைக்கும், அடுத்த அணி அதைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர வேண்டும், முடிந்ததும் குறிகளைக் கலைத்துவிட வேண்டும். விழுந்து கிடக்கும் மரத்தருகே பாதை இரண்டாகப் பிரிகிறது, இடது பக்கம் போனால் மைதானம், வலது பக்கம் போனால் குவாரிப் பள்ளம். முன்னால் போன அணி இடது பக்கம்தான் அம்பு வைத்தது, ஆனால் வளைவுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டது, பிரிவில் நிற்பவர்கள் கண்ணில் படாது. நெட்டை வலது பக்கம் போனாள். அடுத்த குறியை முதலில் நான்தான் பார்ப்பேன் என்று பட்டாணி முன்னால் ஓடியிருக்கிறது, பள்ளத்தின் விளிம்பு மழையில் ஊறிப்போய் இருந்தது, மண்ணோடு சேர்ந்து கீழே போய்விட்டது.

உயிருக்கு ஒன்றும் இல்லை. தொடை எலும்பு முறிந்து இடுப்பு மூட்டும் நசுங்கிவிட்டது. அந்த இடத்தில் நெட்டை செய்ததை நான் வாயால் சொல்ல வேண்டும், யாரும் சொல்லவில்லை. மூன்று விசில் கொடுத்தாள், இரண்டு பேரைச் சேர்த்து உதவிக்கு அனுப்பினாள், ஒருத்தரையும் தனியாக விடவில்லை, பிள்ளையை இழுக்காமல் புரட்டாமல் கம்பு வைத்து ஸ்கார்ஃபால் காலைக் கட்டினாள், தன் சட்டையைக் கழற்றி மேலே போர்த்தினாள், நாங்கள் போய்ச் சேரும் வரைக்கும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு கணக்கு வாய்ப்பாடு சொல்ல வைத்துக்கொண்டிருந்தாள், மயங்கிவிடக் கூடாது என்று. ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் இந்தக் கட்டு போட்டது யாரு, பெரிய ஆளா என்று கேட்டார். பட்டாணி இனிமேல் நடக்கும், ஆனால் ஒரு கால் குட்டையாகத்தான் இருக்கும், ஓட முடியாது என்றும் அவரேதான் சொன்னார். அந்தப் பிள்ளையின் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை விசாரணை வைத்தார்கள். நம் படையின் கமிட்டித் தலைவர் பல் டாக்டர் என்பதால் அவர் கிளினிக்கிலேயே, நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளில், சுவரில் பெரிய கடைவாய்ப் பல் படத்துக்குக் கீழே எல்லோரும் உட்கார்ந்தோம். நெட்டை நின்றுகொண்டுதான் பேசினாள். வலது பக்கம் அம்பு இருந்துச்சு, பார்த்துட்டுத்தான் போனேன் என்றாள். முன்னால் போன அணி சத்தியம் பண்ணியது, நாங்க அந்தப் பக்கமே போகல என்று. பல் டாக்டர் ஏற்கெனவே தன் கம்பவுண்டரை அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருந்தார், அந்த மகராசன் போய்ப் பார்த்துவிட்டு வந்து அம்பெல்லாம் ஒன்னும் இல்லீங்க, வெறும் கல்லுதான் கிடக்குது என்று சொல்லியிருக்கிறான். கல்லைத்தானடா அம்பாக வைப்போம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை, அதை நினைத்தால் இப்போது தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது. பழைய குறி ஏதாவது அங்கே இருந்திருக்குமா என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, என் படையில குறியைக் கலைக்காம யாரும் வீட்டுக்குப் போனதில்ல என்றேன். அதோடு அவள் பொய்க்காரி ஆகிவிட்டாள். தப்பை ஒப்புக்கொள்ளாமல் பொய் வேறா என்று எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. என் கைப்பையில் இருக்கும் சின்னக் கத்திரியை எடுத்து, அணித் தலைவி என்பதற்கு அடையாளமாக அவள் சட்டைப் பையில் தைத்திருந்த இரண்டு வெள்ளை நாடாவையும் எல்லோர் முன்னாலும் பிரித்து எடுத்தேன். அவள் அழவில்லை, கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு நேராக நின்றாள், அப்படி நிற்கக் கற்றுக் கொடுத்ததும் நான்தான்.

அடுத்த ஞாயிறு, விட்டுவிட்டு வந்த கம்புகளையும் கயிற்றையும் எடுத்து வரலாம் என்று அங்கே தனியாகப் போனேன். வலது பக்கம் பத்தடி தள்ளிப் புதர் ஓரமாக நாலு கல், அம்பின் முனையில் ஒரு பச்சை டைல்ஸ் துண்டு. அதை வைத்தது நான். பயிற்சிக்கு இரண்டு வாரம் முன்னால் ஒத்திகை பார்க்கப் போனேன், முதலில் வலது பக்கம்தான் பாதை போடுவதாக இருந்தேன், முனைக்குக் கல் கிடைக்காமல் குப்பையில் கிடந்த குளியலறை டைல்ஸ் துண்டை வைத்தேன். கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தால் பள்ளத்தின் ஓரம் சரிந்து கிடந்தது, இது ஆகாது, இடது பக்கம் மாற்றிவிடலாம் என்று முடிவு பண்ணினேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, நாலு ஐம்பது பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்குத்தான், லாரிப் பாதை வழியாக ஓடி வந்து பஸ் ஏறிவிட்டேன், திரும்பிப் போய் அம்பைக் கலைக்கவில்லை. அத்தோடு அது என் புத்தியை விட்டே போய்விட்டது. ஊரில் ஓடும் அத்தனை பஸ்ஸும் எத்தனை மணிக்கு வந்தது போனது என்று சொல்கிறவள் நான்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அம்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே, என் கால் தானாகவே கற்களை உதைத்துக் கலைத்துவிட்டது. முப்பது வருஷப் பழக்கம், குறியைக் கண்டால் கலை என்று. கலைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது, அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே சாட்சியை நானே இல்லாமல் பண்ணிவிட்டேன். டைல்ஸ் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்து ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை, அப்பாவிடம் கூடச் சொல்லவில்லை. அவர் என்ன சாப்பிட மாட்டேங்கிறே என்று கேட்டதற்குப் பல்வலி என்று பொய் சொன்னேன், மனுஷர் அப்ப பல் டாக்டர்கிட்டயே போயேன் என்கிறார்.

இந்தத் திங்கட்கிழமை கமிட்டியிலிருந்து என் கோப்பில் வைக்கச் சொல்லி ஒரு தாள் வந்தது. நெட்டையின் கையெழுத்தில், அங்கே அம்பு எதுவும் இல்லை, பயத்தில் இருந்ததாகச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, நடுவில் துணி தேய்க்கும் மேஜை, அவள் அம்மா வாங்கி வைத்திருந்த சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், இவள் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். டைல்ஸ் துண்டை மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள், முகத்தில் துப்புவாள் என்று நினைத்தேன். அவள் அந்தத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்ப நான் பார்த்தது நிஜந்தானா கேப்டன் என்று கேட்டாள். எல்லோரும் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, தன் கண்ணையே நம்பாமல் போய்த்தான் அப்படி எழுதிக் கொடுத்தாளாம், இந்த இரண்டு வாரமாக ரோட்டைத் தாண்டும்போது கூட இரண்டு மூன்று தடவை பார்க்கிறாளாம். அவள் அம்மா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தி வைத்தாள், சொல்லிட்டீங்கல்ல, கிளம்புங்க என்றாள். நாடாவை நானே திரும்பத் தைத்துத் தருகிறேன் என்று கேட்டேன், நெட்டை வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த சட்டையை மடிக்க எடுத்துக்கொண்டாள்.

நேற்று பல் டாக்டரிடம் போனேன். அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. உங்களுக்கு அந்தப் பொண்ணு மேல பாசம், அதைக் காப்பாத்த இப்படிச் சொல்றீங்க, அவளே எழுதிக் கொடுத்துட்டா, ஒரு டைல்ஸ் துண்டைக் காட்டி எங்கிட்ட கதை சொல்லாதீங்க, உங்க படையில குறியைக் கலைக்காம யாரும் போனதில்லன்னு நீங்கதானே அன்னைக்கு அடிச்சுச் சொன்னீங்க என்றார். நான் சத்தியம் பண்ணினேன். காப்பி குடிக்கிறீங்களா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கப் போகிறார்கள். நான் எழுந்து நின்று திரும்பவும் சொல்லத்தான் போகிறேன், யாரும் நம்பப் போவதில்லை என்றும் தெரியும். பாதிப் பிள்ளைகளை அவரவர் பெற்றோர் வீட்டில் நிறுத்திவிட்டார்கள், மீதியும் நிற்கும். நின்று போகட்டும், எனக்கு அதில் இப்போது துக்கம் கூட வரவில்லை. உண்மையைச் சொல்லியும் நம்பவில்லை என்றால் எப்படி இருக்கும் என்று இந்த வயதில்தான் தெரிகிறது. தெரிந்த நிமிஷத்திலிருந்து எனக்கு உன் ஞாபகம்தான்.

பதினேழு வருஷம் ஆகிறது. ஓடைப் பாலத்தருகே ஒரு அம்பு கலைக்காமல் கிடந்தது, கலைக்க வேண்டிய அணிக்கு நீதான் தலைவன். நான் அழிச்சேன் கேப்டன் என்றாய். இதே கத்திரியால்தான் உன் நாடாவையும் எல்லோர் முன்னாலும் பிரித்தேன், என் பிள்ளை என்பதற்காகச் சலுகை காட்டினாள் என்று யாரும் சொல்லக் கூடாது என்ற வீம்பு வேறு. பிரித்துக்கொண்டிருக்கும்போது நீ மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அம்மா, நெசமா அழிச்சேம்மா என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா. மைதானத்துல அம்மா இல்ல, கேப்டன்னு சொல்லு என்றேன். அடுத்த வாரம் நீ ஸ்கார்ஃபை மடித்து என் மேஜையில் வைத்துவிட்டாய், அப்புறம் ஹாஸ்டல், அப்புறம் வேலை, அப்புறம் அந்தத் தூர தேசம், அப்புறம் இந்த நாலு நிமிஷம். அதற்கு முந்தின வாரமும் நான் ஒத்திகைக்குப் போயிருந்தேனடா. அந்தப் பாலத்தருகே நான் அம்பு வைத்தேனா, வைத்ததைக் கலைத்தேனா, நேற்றிலிருந்து யோசிக்கிறேன், ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. இனி வரவும் வராது. நெட்டைக்காவது ஒரு பச்சைத் துண்டு கிடைத்தது, உனக்கு என்னிடம் எதுவுமே இல்லை. அதனால் சாட்சி எதுவும் இல்லாமலே சொல்கிறேன், நீ அழித்தாய். நான் நம்புகிறேன். இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியவள்.

உன் நாடா இரண்டையும் தையல் மெஷின் டிராயரில்தான் வைத்திருந்தேன், இதோடு வைத்திருக்கிறேன், வேண்டாம் என்றால் எறிந்துவிடு, என்னிடம் சொல்லாதே. நீ வேலை பார்க்கும் குளிர்க்கிடங்கில் உள் அறைக்குத் தனியாகப் போகாதே, போனாலும் கழுத்தில் விசில் போட்டுக்கொள், கதவு மாட்டிக்கொண்டால் மூன்று முறை ஊது, நிறுத்தி நிறுத்தி ஊது, யாராவது வருவார்கள். காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள். நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு, நோய் நொடி இல்லாமல் இரு, உன்னை நம்புகிறவர்கள் உன் பக்கத்தில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஆறரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். முடிந்தால் கூப்பிடு. சரிம்மா என்று சீக்கிரம் வைத்தாலும் பரவாயில்லை, அம்மா என்கிற அந்த வார்த்தையை மட்டும் ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிட்டு வை.

இப்படிக்கு,
உன் அம்மா