மீன்கொத்திக்குப் பின்னால்

பறவைப் பிரியராகிவிட்ட என் கணவருக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் டிபன் பாக்ஸின் மேலடுக்கில் வைக்கிறேன்.

ஒரு மாதமாக ஓசூர்ப் பூங்காப் பறவைகளை உங்கள் ஸ்டேட்டஸில் பார்க்கிறேன். மீன்கொத்தி அழகு. ஞாயிறன்று எடுத்தது என்றீர்கள். அதன் பின்னால் பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் போகிறார்கள். உங்கள் கம்பெனியில் போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். படங்கள் மட்டும் ஷிப்டு நேரத்தில் வருகின்றன.

சந்தேகப்படுவது எனக்குப் பிடிக்காது. அதனால் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, பறவையை விட்டுவிட்டு, பெஞ்சில் சேலை தெரிகிறதா என்று மட்டும் பார்த்தேன். நம் டிபன் பாக்ஸ்தான் தெரிந்தது.

நேற்று பூங்காவுக்கு நேரிலேயே வந்தேன். நீங்கள் குளத்துப் பக்கம் போனில் கொக்கைக் குறிபார்த்துக்கொண்டிருந்தீர்கள். வாசலில் காவலாளியிடம் உங்கள் போட்டோவைக் காட்டினேன்.

"அண்ணா, இவரு கூட பொம்பள யாராச்சும் வராங்களா?"

"அட போம்மா! ஒண்டியாதான் குந்தியிருப்பாரு. ஷிப்டு முடியற நேரத்துக்கு எழுந்து போவாரு. கம்பெனில ஆளக் கொறச்சுட்டாங்களாமே, பாவம்."

வீட்டுக்கு வந்து உங்கள் இன்னொரு யூனிஃபார்மைத் துவைத்தேன். ஒரு மாதமாக அதில் எண்ணெய்க் கறையே இல்லை. சோப்பை மாற்றியதால்தான் என்று எதிர்வீட்டில் பெருமை பேசியிருக்கிறேன்.

இன்று டப்பா கனக்கும். இருவருக்கும் சோறு வைத்திருக்கிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது நான் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பேன். பெஞ்சில் இடம் விடுங்கள்.

நாளை முதல் வேறு சட்டை போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனி என்று மீன்கொத்தி கேட்காது. நானும் கேட்க மாட்டேன்.

அந்தக் கொக்கைப் பற்றி மட்டும் இன்னும் சந்தேகம் தீராத,
உங்கள் மனைவி